ஒரகடத்தில் ஒரு எண்ணெய்க் குளியல்!

சனிக்கிழமை காலையில உங்களுக்கு என்ன வேலை? பத்து மணி வரைக்கும் தூங்கறது, அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா மொட்டை மாடிக்கு ஓடி ஒளியறது... அவ்வளவுதானே? இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் என்னோட வாங்க. எண்ணெய்க் குளியல் கண்டிப்பா உண்டு. ஆனா குளிக்கப்போறது நீங்க இல்ல. இருபது வயசைத் தாண்டின ஒரு டீசல் கேரவன். இன்னும் சரியாச் சொன்னா, அதோட கியர்பாக்ஸ்!

"கியர்பாக்ஸ் ஆயில் மாத்தறதைப் பார்க்க ஒரு டூரா? ஊட்டியும் கொடைக்கானலும் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு முறைக்காதீங்க. நாம போற இடம் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம். உங்க கிளாஸ்ல பாதிப் பேர் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னாடி எந்த ஊரை நினைச்சு வேண்டிக்கறாங்களோ, அந்த ஊர். வேலைக்குப் போய் நிக்கறதுக்கு முன்னாடி, ஒருதடவை சும்மா போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே!

பூந்தமல்லி டு ஒரகடம்

பூந்தமல்லியில ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறுங்க. இடது பக்க ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க. கொஞ்ச தூரத்துலயே அந்தப் பக்கம்தான் செம்பரம்பாக்கம் ஏரி. ரோட்டிலேர்ந்து முழுசாத் தெரியாது. ஆனா ஆள் சாதாரண ஆள் இல்ல. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கற ஏரிகள்ல ஒண்ணு. இந்த ஏரியை ஒரு ஓரமா ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில இதுக்கு வேலை இருக்கு.

அடுத்து இருங்காட்டுக்கோட்டை. இங்கதான் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998-ல சான்ட்ரோ காரை வெளியே அனுப்பி ஆரம்பிச்சாங்க. அதுக்கும் முன்னாடியே, 1990-லயே இங்க மோட்டார் ரேஸ் டிராக் வந்தாச்சு. ரேஸ் நடக்கற நாள்ல அந்தப் பக்கம் போனா, வண்டிகள் கியர் மாத்தற சத்தம் மட்டும் காத்துல தனியா வரும்.

அப்புறம் ஸ்ரீபெரும்புதூர். 1017-ல ராமானுஜர் பிறந்ததா வைணவர்கள் கொண்டாடற ஊர். 1991-ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். அந்த இடத்துல இப்ப நினைவிடம் இருக்கு. 2006-ல நோக்கியா வந்து, நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு ஷிஃப்ட் பஸ் ஏறினதும் இங்கதான். 2014-ல அது மூடினப்போ, அதே பஸ் ஸ்டாப்ல யூனிஃபார்ம் இல்லாம நின்னதும் இங்கதான். பல வருஷம் கழிச்சு அந்த வளாகத்தை இன்னொரு கம்பெனி வாங்கித் திறந்தது. இந்த ரோட்டுல லைன் ஓடறது எவ்வளவு நிஜமோ, நிக்கறதும் அவ்வளவு நிஜம்.

ஸ்ரீபெரும்புதூர்ல இறங்கி, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டுல போற பஸ்ஸுக்கு மாறுங்க. வழியில வல்லக்கோட்டை முருகன் கோயில். மூலவர் கிட்டத்தட்ட ஏழடி உயரம். அதைத் தாண்டினா ஒரகடம் கூட்டு ரோடு. வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு குறுக்கே போற இடம்.

இங்க இறங்கி நின்னு ஒரு சுத்து பாருங்க. 2010-ல ரெனோ - நிசான் திறந்த கார் தொழிற்சாலை, அதே வருஷம் வந்த அப்போலோ டயர், 2012-ல டெய்ம்லர் திறந்த பாரத்பென்ஸ் லாரி தொழிற்சாலை, 2013-ல ராயல் என்ஃபீல்டு... சுத்தி நாலாபக்கமும் மதில் சுவர்தான். அலிசன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. அவங்க தொழிலே கியர்பாக்ஸ்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யறவங்க. அவங்களுக்கும் ஒரகடத்துல தொழிற்சாலை இருக்கு.

அந்த மதில்களுக்கு உள்ளே போக கேட் பாஸ் வேணும். நாம போற இடத்துக்கு வேணாம். வாலாஜாபாத் பக்கமா கொஞ்சம் நடங்க. டீக்கடை, பஞ்சர் கடை, அதுக்கு அடுத்து புளியமரத்தடியில ஒரு தகர ஷெட். வாசல்ல வெள்ளையா, உயரமா, வெயில்ல பெயின்ட் பொரிஞ்சுபோய் நிக்குதே... அதுதான் நம்ம ஹீரோ.

ஹீரோவோட பயோடேட்டா

கேரவன்னா நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோயின் மேக்கப் போடற வண்டி, ஹீரோ கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிற வண்டி! ஆனா வெளிநாட்டுல இது சாதாரண ஜனங்க ஊர் சுத்தற வண்டி. 1951-லயே ஜெர்மனியில வோக்ஸ்வாகன் வேனுக்குள்ள படுக்கையும் அலமாரியும் வெச்சு, வெஸ்ட்ஃபாலியாங்கற கம்பெனி வித்துச்சு. நம்ம பக்கத்துல கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு ஒரு கொள்கையே அறிவிச்சது. அதுக்காக முதல்ல காட்டின கேரவன் எந்தச் சேஸிஸ் மேல கட்டினது தெரியுமா? பாரத்பென்ஸ். அதாவது, பூர்வீகம் நம்ம ஒரகடம்! மாடல் நம்பர் 1017. பத்து டன், 170 குதிரைத் திறன்னு அர்த்தமாம். ராமானுஜர் பிறந்த வருஷமும் அதே 1017. யாரும் திட்டம் போட்டு வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஸ்ரீபெரும்புதூர்க்காரங்களுக்குச் சொன்னா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவாங்க.

நம்ம ஹீரோ அந்த அளவுக்குப் பெரிய இடம் இல்ல. பழைய மினி பஸ் சேஸிஸ் மேல பாடி கட்டினது. உள்ளே ஒரு கட்டில், சுத்தி பல்பு வெச்ச கண்ணாடி, குட்டி பாத்ரூம், ஏ.சி., பின்னாடி ஒரு ஜெனரேட்டர். ஓனர் என் தாய்மாமா. ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுறதுதான் அவருக்குத் தொழில். இருக்கறது இந்த ஒரு வண்டிதான். அதுல வர்ற காசுலதான் அத்தையோட மாத்திரையும், மாமா பொண்ணோட காலேஜ் ஃபீஸும்.

திங்கட்கிழமை விடியக்காலை வண்டி பொள்ளாச்சிக்குக் கிளம்பணும். பத்து நாள் ஷூட்டிங். ஆனா ரெண்டு வாரமா ரெண்டாவது கியர் போட்டா 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். காலையில வண்டி குளிர்ந்திருக்கும்போது கியர் விழவே அடம்பிடிக்குது.

"இருபது வருஷத்துக்கு கிலோமீட்டர் ஒண்ணும் பெருசா ஓடலையேப்பா!"ன்னு மாமா அலுத்துக்கிட்டார்.

"ஓடாததுதான் பிரச்னை" அப்படின்னார் மெக்கானிக் அண்ணன். ஐம்பது வயசு இருக்கும். நெத்தியில விபூதி, காதுல பென்சில்.

அவர் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்றேன். சினிமா கேரவன் ஓடறது கொஞ்சம், நிக்கறது நிறைய. ஸ்பாட்டுக்குப் போய் நின்னா, பத்து நாள் ஜெனரேட்டர் மட்டும் ஓடும். கியர்பாக்ஸ் மேல 'பிரீதர்'னு ஒரு குட்டி மூக்கு இருக்கும். சூடானா உள்ளே இருக்கற காத்து அது வழியா வெளியே போகும். குளிர்ந்தா வெளிக்காத்து உள்ளே வரும். மழைக்காலத்துல அந்தக் காத்தோட ஈரமும் சேர்ந்து போகும். தினமும் நல்லா ஓடற வண்டியில அந்த ஈரம் சூட்டுல வெளியேறிடும். நின்னே கிடக்கற வண்டியில உள்ளயே தங்கி, ஆயிலைக் கெடுத்து, துருவுக்கு வழி பண்ணும். அந்த மூக்குல சேறு அடைச்சா இன்னொரு தொல்லை. அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயில் கசியும். அதனால இந்த மாதிரி வண்டிக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. காலண்டரையும் பார்க்கணும்.

என்ஜின் ஆயிலை எல்லாரும் ஒழுங்கா மாத்துவாங்க. ஏன்னா டீசல் எரிஞ்சு கரி சேர்ந்து, சீக்கிரமே கருப்பாகி மானத்தை வாங்கும். கியர்பாக்ஸுக்குள்ள எதுவும் எரியறதில்ல. பழைய மாடல்ல பெரும்பாலும் பம்ப்கூட இருக்காது. அடியில இருக்கற பல்சக்கரம் ஆயில்ல முங்கிச் சுத்தி, மேல இருக்கறதுக்கெல்லாம் வாரி இறைக்கும். நிஜமாவே எண்ணெய்க் குளியல்தான்! சத்தம் போடாம வேலை செய்யறதால, வீட்டுல அம்மாவை மறக்கற மாதிரி அதை மறந்துடறோம்.

மேல தொறந்தாத்தான் கீழ!

முதல்ல வண்டியைச் சூடு பண்ணணும். குளிர்ந்த கியர் ஆயில் வெல்லப்பாகு மாதிரி. மெதுவா இறங்கும், அடியில இருக்கற அழுக்கை விட்டுட்டு வரும். அதனால மாமா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தார். வழியில வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு கும்பிடு. ஆயிலும் சூடாச்சு, புண்ணியமும் சேர்ந்தாச்சு.

வண்டியைச் சமமான தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுத்தாங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க.

அடியில படுத்தது ஒரு தம்பி. மெக்கானிக்கல் டிப்ளமோ. இருபத்தி மூணு வயசு. ஷெட்டுல சேர்ந்து நாலு மாசம்தான் ஆச்சு. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நேரா அடியில இருக்கற டிரெயின் பிளக்ல கை வெச்சான்.

"கையை எடு!" மெக்கானிக் அண்ணன் குரல் ஷெட்டே அதிர்ந்தது. "முதல்ல பக்கவாட்டுல இருக்கற ஃபில்லர் பிளக்கைத் தொறந்து காட்டு. அதுக்கப்புறம்தான் அடிப் பிளக்."

காரணம் இதுதான். பழைய ஆயில் வெளியே வர ஒரு ஓட்டை, புது ஆயில் உள்ளே போக ஒரு ஓட்டை. கீழ் ஓட்டையைத் தொறந்து எல்லாத்தையும் வடிச்ச பிறகு, மேல் பிளக் துருப்பிடிச்சுத் தொறக்கலைன்னா? பழைய ஆயிலும் இல்ல, புது ஆயிலும் போகாது. வண்டி அங்கேயே சிலை.

"நான் வேலை கத்துக்கற வயசுல ஒரு தண்ணி லாரிக்கு இதே தப்பைப் பண்ணேன். ஆயிலை வடிச்சுட்டேன். மேல் பிளக்கோட தலை மழுங்கிப்போச்சு. ரெண்டு நாள் லாரி நகரலை. ஒரு தெருவே குடத்தோட வந்து நின்னு என்னைத் திட்டுச்சு தம்பி" அப்படின்னார் அண்ணன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அந்தக் குடங்களை இன்னும் மறக்கலைன்னு தெரிஞ்சது.

நம்ம வண்டியோட மேல் பிளக்கும் லேசுல மசியலை. கம்பி பிரஷ்ஷால சுத்தி இருந்த சேத்தைத் தேய்ச்சாங்க. இல்லேன்னா தொறந்ததும் அந்த மண்ணெல்லாம் உள்ளே விழும். துரு இளக்கற ஆயில் அடிச்சுட்டு, ஆளுக்கொரு டீ குடிச்சோம். சுத்தியால நாலு தட்டு. பொருத்தமா உட்கார்ற ஸ்பேனர். "முதல்ல லேசா டைட் பண்ற பக்கமா அசை. பிடிப்பு விட்டதும் இந்தப் பக்கம் திருப்பு." தம்பி பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தான். 'டக்!' தொறந்துடுச்சு. மாமா கண்ணை மூடி, வல்லக்கோட்டை இருந்த திசையைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டார்.

இப்ப கீழ் பிளக். பேசின்ல விழுந்த ஆயிலைப் பார்க்கறதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சது. தீபாவளிக்கு மறுநாள் தெருவுல அடிக்குமே, அந்தக் கந்தக வாடை! பல்லுக்குப் பல் நசுங்கற இடத்துல இரும்பும் இரும்பும் ஒட்டிக்காம இருக்க, கியர் ஆயில்ல கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்க்கறாங்க. வாடை அதோடதுதான்.

அஞ்சு பெருசா, நாலு பெருசா?

டிரெயின் பிளக்கோட நுனியில ஒரு காந்தம். அதுல கருப்பா, மெழுமெழுன்னு ஒரு பசை. கண் மை மாதிரி. "இது நார்மல்தான். தேயற இரும்புத் தூள்" அப்படின்னார் அண்ணன். எனக்கு நிம்மதி. ஆனா அவர் அதோட விடலை. பேசினை வெயில்ல இழுத்து வெச்சு, ஒரு குச்சியால மெல்லக் கலக்கினார். ஆயிலுக்குள்ள பொன்னிறமா எதுவோ மினுங்குச்சு. கல்யாணப் பத்திரிகையிலேர்ந்து உதிர்ந்த ஜிகினா மாதிரி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டலை.

"பித்தளை" அப்படின்னார். "சின்க்ரோ ரிங் தேயுது."

கியர் மாத்தும்போது, வேற வேற வேகத்துல சுத்தற ரெண்டு பாகத்தை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கைகோர்த்து விடற வளையம்தான் சின்க்ரோ ரிங். கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலை. பழைய கியர்பாக்ஸ் பலதுல அது பித்தளையிலதான் இருக்கும். அது தேஞ்சா, சம்பந்தம் சண்டையில முடியும். அதுதான் அந்த 'கர்ர்ர்'.

"போன தடவை என்ன ஆயில் ஊத்தினீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். மூணு வருஷம் முன்னாடி ஆயில் வாங்கப் போனது நான். கடையில ரெண்டு டின் இருந்தது. ஒண்ணுல ஜி.எல்-4, இன்னொண்ணுல ஜி.எல்-5. நாலைவிட அஞ்சு பெருசு. பெருசுன்னா பெஸ்ட். விலையும் கூட. மாமா வண்டிக்கு நல்லதைத்தானே வாங்கணும்? அஞ்சை வாங்கிட்டேன். வண்டியோட மேனுவல் சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருந்தது. எடுத்துப் பிரிச்சுப் பார்த்திருந்தா அதுல தெளிவா ஜி.எல்-4னு போட்டிருக்கு.

ஜி.எல் நம்பர் பரீட்சை மார்க் இல்ல பாஸ்! வேலை வேற. ஜி.எல்-5ல அந்தக் கந்தக - பாஸ்பரஸ் மருந்து அதிகம். பின் ஆக்ஸில்ல இருக்கற கியருக்கு, அங்க வர்ற அழுத்தத்துக்கு, அது தேவை. ஆனா அதே மருந்து சில பழைய கியர்பாக்ஸ்ல பித்தளையை அரிக்கக்கூடும். போதாக்குறைக்கு, சின்க்ரோ ரிங் வேலை செய்ய ஓரளவு உராய்வு வேணும். தப்பான ஆயில்ல அது வழுக்கும். ரெண்டுக்கும் ஒத்துக்கற ஆயிலும் மார்க்கெட்ல உண்டு. ஆனா உங்க வண்டிக்கு எதுன்னு சொல்ல வேண்டியது மேனுவல். கடைக்காரரும் இல்ல, நானும் இல்ல.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கோங்க. டின்ல 80டபிள்யூ-90னு பார்த்ததும், 'என்ஜின் ஆயில் 40தானே, இது ரெண்டு மடங்கு கெட்டி போல'ன்னு நினைக்காதீங்க. அளக்கற ஸ்கேலே வேற. கியர் ஆயில் 90ங்கறது, சூட்டுல கிட்டத்தட்ட 40, 50 என்ஜின் ஆயிலோட கெட்டிதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கதை முழுக்க வேற. அங்க ஆயில்தான் அழுத்தம் கொடுத்து கிளட்ச்சையே பிடிக்குது. அதுல போய்ச் சாதா கியர் ஆயிலை ஊத்தினா, ஜூஸ் கடை மிக்ஸியில இட்லி மாவு அரைச்ச கதைதான்.

"என்னாலதானாண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஆயிலாலயும் இருக்கும். ஈரத்தாலயும் இருக்கும். டிரைவருங்க ரெண்டாவது கியரைக் குத்திக் குத்திப் போட்டதாலயும் இருக்கும். உன்மேல மட்டும் பழியைப் போட முடியாது தம்பி." அவர் சொன்னது ஆறுதலாத்தான் இருந்தது. மாமா எதுவுமே சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

ஆயில் சொல்லும் ஜாதகம்

வடிச்ச ஆயிலைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க. வண்டியோட ஜாதகமே அதுல இருக்கு.

* காந்தத்துல கண் மை மாதிரி பசை: பயப்பட வேணாம். வயசானா வர்றதுதான்.
* பொன்னிற மினுக்கு: சின்க்ரோ ரிங் தேய்மானம். லேசா இருந்தா கவனிச்சு ஓட்டலாம். நிறைய இருந்தா செலவுக்குத் தயாராகணும்.
* விரலுக்குத் தட்டுப்படற இரும்புத் துண்டு: பல்லோ பேரிங்கோ உடையுது. கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பார்க்காம ஓட்டாதீங்க.
* பால் டீ நிறம்: தண்ணி புகுந்திருக்கு. வெள்ளத்துல நின்ன வண்டியில இது சகஜம்.
* கருகின வாடை: ஆயில் குறைவா ஓடியிருக்கலாம், இல்லேன்னா எல்லை மீறிச் சூடாகியிருக்கலாம்.

நாலு போல்ட் தம்பி

அடிப் பிளக்கைத் துடைச்சு, புது காப்பர் வாஷர் போட்டு மாட்டியாச்சு. "முறுக்கு காட்டாதே, இது ஜிம் இல்ல. ஹவுசிங் அலுமினியம். மரை போச்சுன்னா வண்டி போச்சு" அப்படின்னார் அண்ணன். பக்கவாட்டு ஓட்டை வழியா கை பம்ப்பால ஜி.எல்-4 ஏற ஆரம்பிச்சது. எவ்வளவு ஊத்தணும்கறதுக்குக் கணக்கு சுலபம். அந்த ஓட்டையோட கீழ் உதடு வரைக்கும் வந்து, லேசா வழிஞ்சா போதும். அதனாலதான் வண்டி சமதரையில நிக்கணும். குறைஞ்சா மேல் பேரிங் பட்டினி. அதிகமா திணிச்சா சீல் வழியா கசிஞ்சு, கிளட்ச் பக்கமே போகும்.

பம்ப் அடிச்சுக்கிட்டே தம்பி பேசினான். டிப்ளமோ முடிச்சதும் ஒரு பெரிய கம்பெனியில மூணு வருஷம் டிரெய்னி. லைன்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும், கியர்பாக்ஸ் பக்கத்துல நாலு போல்ட் மாட்டற வேலை. மெஷினே இறுக்கிட்டு பச்சை லைட் காட்டும். அடுத்த வண்டி. திரும்ப நாலு போல்ட்.

"மூணு வருஷம் கியர்பாக்ஸைத் தினமும் பார்த்தேன்ணே. வெளிப்பக்கம் மட்டும். உள்ளே என்ன இருக்குன்னு இங்க வந்துதான் பார்த்தேன்."

டிரெய்னி காலம் முடிஞ்சதும் கையில ஒரு சர்டிஃபிகேட். அதோட சரி.

"சம்பளம் வந்துச்சு, கேன்டீன்ல சாப்பாடு நல்லா இருந்துச்சு. வேலை முடிஞ்சா அடுத்து என்னன்னு யோசிக்கவே இல்ல." கொஞ்ச நேரம் பம்ப் சத்தம் மட்டும். அப்புறம் அவனே சிரிச்சான். "மேல் பிளக்கைத் தொறக்காமலே கீழ் பிளக்கைத் தொறந்துட்டேன்ணே."

இதை உங்ககிட்ட சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். லைன் வேலை மட்டம்னு சொல்லலை. நாலு போல்ட்டும் சரியா இருந்தாத்தான் வண்டி ஓடும். அந்தச் சம்பளத்துல தங்கச்சி கல்யாணம் நடந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ஆனா நோக்கியா வாசலை வரும்போது நினைச்சோமே, ஞாபகம் இருக்கா? ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷமா கையெழுத்துப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி, இது எத்தனை நாள் வேலை, பயிற்சியா நிரந்தரமா, முடியும்போது என் கையில என்ன தொழில் இருக்கும்னு கேட்டு, மேல் பிளக் தொறக்குதான்னும் ஒருதடவை பார்த்துக்கோங்க.

அந்த ஏரி ஞாபகம் இருக்கா?

வேலை முடிஞ்சதும் பைக்ல ஒருத்தர் கேனோட வந்தார். கட்டட வேலை. சென்ட்ரிங் பலகையில தடவ பழைய ஆயில் வேணுமாம். மெக்கானிக் அண்ணன் கையை விரிச்சுட்டார். ஷெட்டு மூலையில மூடி போட்ட ஒரு டிரம். பழைய ஆயில் அதுக்குத்தான் போகும். நிறைஞ்சதும், லைசென்ஸ் வெச்சிருக்கற மறுசுத்திகரிப்புக்காரங்க வந்து எடுத்துப்பாங்க. பழைய ஆயில் அபாயகரமான கழிவுன்னு 2016-ல வந்த மத்திய அரசு விதி சொல்லுது.

"முன்னெல்லாம் பின்னாடி இருக்கற பள்ளத்துலதான் கொட்டுவோம். 2015 வெள்ளத்துல அந்தப் பள்ளத்துத் தண்ணி வானவில் கலர்ல ரோட்டைத் தாண்டிப் போச்சு. அன்னைக்கு நிறுத்தினது" அப்படின்னார்.

இந்தப் பக்கம் ஏரிகள் ஒண்ணோட ஒண்ணு கைகோர்த்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிறைஞ்சா, உபரித் தண்ணி செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகும். செம்பரம்பாக்கத்துத் தண்ணி சென்னைக்குப் போகும். மூணு வருஷம் முன்னாடி நான் வடிச்ச ஆயிலை எங்க கொட்டினேன்னு யாரும் கேட்கலை. நல்லவேளை. வீட்டுக்குப் பின்னாடி சாக்கடையில.

ரெண்டாவது கியர்

மதியம் ரெண்டு மணி. மாமா ஸ்டியரிங்ல உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்துல. தம்பியும் நானும் பின்னாடி, அந்த பல்பு வெச்ச கண்ணாடிக்கு முன்னாடி. ரெண்டு பேர் முகத்துலயும் கிரீஸ். மேக்கப் ஓகே!

முதல் கியர். ரெண்டாவது...

மூச்சைப் பிடிச்சுக்கிட்டோம். 'கர்ர்' வரலை. அடுத்த திருப்பத்துல மாமா அவசரமாப் போட்டார். லேசா ஒரு 'கிர்'.

"ஆயில் மருந்து இல்ல சார், சாப்பாடு மாதிரி. தேஞ்சது திரும்ப வளராது. இருக்கறதைக் காப்பாத்தும். ரெண்டாவது போடும்போது நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்திப் போடுங்க. பொள்ளாச்சி போய்ட்டு வந்துடலாம். வந்ததும் ஒருநாள் விடுங்க, பிரிச்சு ரிங்கை மாத்திடலாம்" அப்படின்னார் அண்ணன்.

மாமா தலையாட்டினார். அப்புறம் கண்ணாடியில என்னைப் பார்த்தார். "மாப்ள, அந்த ரிங் காசு உன்னோடது." காலையிலேர்ந்து அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. எனக்கு அப்பாடான்னு இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பினதும், பிளக்குக்கு அடியில ஒரு அட்டையைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டு விழலை. தம்பி கையைப் பனியன் வேஸ்ட்ல துடைச்சுக்கிட்டே சொன்னான்: "திங்கட்கிழமை எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்குண்ணே. இதே ரோட்டுலதான். சர்வீஸ் டெக்னீஷியன்."

"கியர்பாக்ஸ் பத்தி என்ன தெரியும்னு கேட்டா என்ன சொல்வே?"

"இந்தத் தடவை அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு கேள்வி கேட்கணும்ணே" அப்படின்னான்.

கூட்டு ரோட்டுல மூணு மணி ஷிஃப்ட் பஸ்கள் வரிசையா திரும்பிக்கிட்டிருந்தது. ஜன்னலோரமா யூனிஃபார்ம் போட்ட முகங்கள், பாதித் தூக்கத்துல. சரி, உங்க பஸ்ஸும் வந்தாச்சு, ஏறுங்க. பூந்தமல்லி போனதும், வீட்டுல நிக்கற பைக்கோட மேனுவலைத் தேடி எடுத்து, ஆயில் பக்கத்தை ஒருதடவை படிச்சுடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே!